ரெண்டே மாசம் நிஜாம்... புதுச்சேரியில் தர்பார், ராயச்சோட்டியில் மரணம்: யார் இந்த முசாபர் ஜங்?

குருசுக்குப்பத்தில் இருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கே நடந்து வந்தால், காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கும். செஞ்சியில் இருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படும் தூண்கள் அவை. இன்னும் தெற்கே போனால், கடற்கரைச் சாலை முடியும் பக்கம் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவின் சிலை. நாம எல்லாரும் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

ஆனால் செஞ்சியையும் டூப்ளேவையும் இணைக்கிற ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு இங்கே சிலை கிடையாது. 1750-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், பீரங்கி மரியாதையோடு, யானை, குதிரை, படைகளோடு அவர் புதுச்சேரிக்குள் வந்தார். தக்காணம் முழுவதுக்கும் அதிபதி என்று இங்கேதான் தர்பார் நடத்தினார். அடுத்த பிப்ரவரியில் உயிரோடு இல்லை.

அவர் பெயர் முசாபர் ஜங். ஹைதராபாத் நிஜாம்களில் மிகக் குறைந்த காலம் ஆண்டவர். அவர் கதை ஏன் இன்றைக்கும் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த முசாபர் ஜங்?

இவரது இயற்பெயர் ஹிதாயத் முகியுதீன் கான். ஹைதராபாத் அரசை நிறுவிய நிஜாம் உல் முல்க்கின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா உயிரோடு இருந்த காலத்திலேயே பீஜப்பூர் பகுதியின் நிர்வாகம் இவர் கையில் இருந்தது.

1748 ஜூன் மாதம் நிஜாம் உல் முல்க் இறந்தார். மூத்த மகன் காஜியுதீன் டெல்லியில் இருந்தார். இரண்டாவது மகன் நாசிர் ஜங், அப்பா இறந்தபோது பக்கத்திலேயே இருந்தார். கஜானாவையும் படையையும் உடனே கையில் எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவையே எதிர்த்துக் கலகம் செய்தவர்.

இங்கேதான் பேரன் முசாபர் ஜங் குறுக்கே வருகிறார். தாத்தா தன்னைத்தான் வாரிசாகச் சொன்னார், டெல்லி பாதுஷாவின் ஆதரவும் எனக்குத்தான் என்பது அவர் வாதம். மாமன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். சண்டை தொடங்கியது.

டெல்லி ஏன் தலையிடலை?

சட்டப்படி பார்த்தால் இதில் சண்டைக்கே இடமில்லை. தக்காணத்தின் சுபேதார் யார் என்று முடிவு செய்யவேண்டியவர் முகலாயப் பேரரசர். அவர் கொடுக்கும் ஃபர்மான்தான் கடைசி வார்த்தை.

ஆனால் 1748-ல் அந்தப் பேரரசு பெயருக்குத்தான் இருந்தது. 1707-ல் ஔரங்கசீப் இறந்த பிறகு, டெல்லியில் அரசர்கள் வேகவேகமாக மாறினார்கள். 1724-ல் நிஜாம் உல் முல்க் தக்காணத்தைக் கிட்டத்தட்டத் தனி அரசாகவே ஆக்கிக்கொண்டார். 1739-ல் பாரசீக அரசர் நாதிர் ஷா டெல்லிக்குள் புகுந்து மயிலாசனம் உட்பட எல்லாவற்றையும் அள்ளிப் போனார். 1748-ல் பேரரசர் முகமது ஷாவும் இறந்துபோனார்.

அதனால டெல்லியின் ஃபர்மான் ஒரு கவுரவச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கொரு ஃபர்மானைக் காட்டலாம். எது நிஜம், எது போலி என்று சரிபார்க்க வழியில்லை. யாரிடம் படை இருக்கிறதோ அவர் சொன்னதுதான் சட்டம். முசாபர் ஜங்கிடம் போதுமான படை இல்லை. ஆகவே படை வைத்திருப்பவர்களைத் தேடினார்.

சந்தா சாகிப், டூப்ளே: கூட்டணி உருவானது எப்படி?

அதே நேரத்தில் இன்னொருவரும் ஒரு பதவிக்காகக் காத்திருந்தார். அவர் சந்தா சாகிப். ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மருமகன். 1741-ல் திருச்சியில் மராட்டியர்களிடம் பிடிபட்டு, சத்தாராவில் பல ஆண்டுகள் கைதியாக இருந்தவர். 1748-ல் விடுதலையானார். அப்போது ஆற்காட்டில் நவாபாக இருந்தவர் அன்வருதீன்.

முசாபருக்குத் தக்காணம் வேண்டும். சந்தா சாகிப்புக்கு ஆற்காடு வேண்டும். இரண்டு பேரும் கை கோர்த்தார்கள்.

சந்தா சாகிப் கூட்டணிக்குள் கொண்டுவந்த பெரிய சொத்து, புதுச்சேரியோடு அவருக்கு இருந்த உறவு. 1740-ல் மராட்டியப் படை தோஸ்த் அலியைக் கொன்றபோது, அந்தக் குடும்பத்தினருக்கு அடைக்கலம் கொடுத்தது புதுச்சேரிதான்.

டூப்ளேவுக்கும் இது சரியான நேரம். ஐரோப்பாவில் நடந்த போரின் தொடர்ச்சியாக 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அதே ஆண்டு அடையாற்றில், நவாபின் பெரிய படையை ஒரு சின்ன பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. பயிற்சி பெற்ற சில நூறு சிப்பாய்களும், வேகமாகச் சுடும் பீரங்கிகளும் இருந்தால் பல ஆயிரம் குதிரைப்படையைச் சமாளிக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயர்களும் தோற்றுத் திரும்பினார்கள்.

பிறகு ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. சென்னையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. படை மட்டும் இங்கே சும்மா இருந்தது. சும்மா இருந்தாலும் சம்பளம் தரணுமே! அந்தப் படையை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தால் டூப்ளே வேண்டாம் என்றா சொல்வார்?

ஆம்பூர்: ஒரே நாளில் மாறிய ஆட்சி

1749 ஆகஸ்ட் 3. ஆம்பூரில் சண்டை. ஒரு பக்கம் நவாப் அன்வருதீன். இன்னொரு பக்கம் முசாபர் ஜங், சந்தா சாகிப், கூடவே பிரெஞ்சுப் படை. யானை மேல் இருந்தபடியே போரிட்ட வயதான அன்வருதீன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மகன் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார்.

வென்றவர்கள் ஆற்காட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து புதுச்சேரி வந்தார்கள். தடபுடலான வரவேற்பு. உதவிக்குக் கைமாறாக, புதுச்சேரியைச் சுற்றியுள்ள சுமார் 80 கிராமங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்ததன் தொடக்கம் இந்தக் காலகட்டம்தான்.

தஞ்சாவூரில் நடந்த தவறு

அடுத்த வேலை ரொம்ப எளிது. நேராகத் திருச்சிக்குப் போய் முகமது அலியைப் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. டூப்ளேவும் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனா கையில் காசில்லை. படைக்குச் சம்பளம் பாக்கி. அதனால் முசாபரும் சந்தா சாகிப்பும் வழியை மாற்றி, பணம் கேட்டுத் தஞ்சாவூரை முற்றுகையிட்டார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் சாமர்த்தியக்காரர். தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து நாளைக் கடத்தினார். வாரக்கணக்கில் காலம் ஓடியது.

அதற்குள் நாசிர் ஜங் பெரும் படையோடு தெற்கே இறங்கிவிட்டார். முகமது அலி அவரோடு சேர்ந்தார். ஆங்கிலேயர்களும் மேஜர் லாரன்ஸ் தலைமையில் ஒரு படையை அனுப்பினார்கள். தஞ்சாவூரில் இருந்தவர்கள் அவசரமாகப் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள்.

சம்பளத் தகராறு... சங்கிலியில் முசாபர்

1750 வசந்த காலம். புதுச்சேரிக்கு அருகே, வில்லியனூர், வழுதாவூர் பக்கம் இரண்டு படைகளும் எதிரெதிரே முகாமிட்டன. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

பிரெஞ்சுப் படையிலேயே கலகம். தஞ்சாவூர் போன அதிகாரிகளுக்குப் பங்கு கிடைத்தது, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று புதிதாக வந்த அதிகாரிகள் கோபப்பட்டார்கள். சண்டைக்கு முன்பே 13 பேர் பதவியை உதறினார்கள். படை கலகலத்துப்போனது. தளபதி தோத்தேய் வேறு வழியில்லாமல் இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குப் பின்வாங்கினார். சந்தா சாகிப்பும் கூடவே வந்துவிட்டார்.

முசாபர் ஜங் வரவில்லை. மாமன் நல்லபடியாக நடத்துவார் என்ற உறுதியை நம்பிச் சரணடைந்தார். நாசிர் ஜங் அவரைச் சங்கிலியில் கட்டிச் சிறைவைத்தார்.

அரியணைக்கு ஆசைப்பட்டவரின் கதை இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

செஞ்சி... ஒரு துப்பாக்கிக் குண்டு, ஒரு புதிய நிஜாம்

டூப்ளே விடவில்லை. படையை மறுபடி ஒழுங்குபடுத்தினார். நாசிர் ஜங் ஆற்காட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1750 செப்டம்பரில், புஸ்ஸி என்ற இளம் அதிகாரி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். புதுச்சேரிக்காரர்களுக்குப் புஸ்ஸி வீதி தெரியும். அந்தப் புஸ்ஸிதான் இவர். மூன்று மலைகளை இணைத்துக் கட்டிய, பிடிக்கவே முடியாது என்று பேர்பெற்ற கோட்டை அது.

நாசிர் ஜங் தாமதமாக விழித்துக்கொண்டு செஞ்சியை நோக்கி வந்தார். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. சேற்றிலும் வெள்ளத்திலும் படை மாட்டிக்கொண்டது. உணவுக்குத் தட்டுப்பாடு.

இதற்கிடையில் திரைமறைவில் வேறு வேலை நடந்தது. கடப்பா, கர்னூல், சாவனூர் ஆகிய மூன்று ஊர்களின் பட்டாணிய நவாப்கள் நாசிர் ஜங்கின் படையிலேயே இருந்தார்கள். அவர்கள் டூப்ளேவோடு ரகசியமாகப் பேசிவந்தார்கள்.

டிசம்பர் 16 அதிகாலை பிரெஞ்சுப் படை முகாமைத் தாக்கியது. பட்டாணிய நவாப்களின் படை நகராமல் நின்றது. ஏன் நிற்கிறார்கள் என்று கேட்க, நாசிர் ஜங் யானை மேல் அவர்களை நோக்கிப் போனார். அங்கேயே சுடப்பட்டார். அவர் தலையை வெட்டி ஈட்டியில் செருகினார்கள்.

அதே முகாமில் சங்கிலியோடு இருந்த முசாபர் ஜங், சில நிமிடங்களில் தக்காணத்தின் அதிபதி ஆனார். காலையில் கைதி, மதியத்துக்குள் நிஜாம்.

புதுச்சேரி தர்பார்: யாருக்கு என்ன கிடைச்சுது?

பதவிக்கு வந்ததும் முசாபர் புதுச்சேரி வந்தார். பெரிய பந்தல் போட்டு தர்பார் நடந்தது. டூப்ளே முகலாயப் பிரபு போல உடையணிந்து வந்து நஜர் செலுத்தி மரியாதை செய்தார். டூப்ளேவின் தலைமை துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை இங்கே வாழ்ந்த காலம் இது. இந்த அரசியலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான சாட்சிகளில் அவரது நாட்குறிப்பும் ஒன்று.

மரியாதை எல்லாம் முடிந்ததும் கணக்கு தீர்க்கும் வேலை தொடங்கியது.

டூப்ளேவுக்கு: கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு நிஜாமின் பிரதிநிதி என்ற பட்டம், 7,000 குதிரை மன்சப் அந்தஸ்து, வழுதாவூர் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் ஜாகிராக.

சந்தா சாகிப்புக்கு: ஆற்காடு நவாப் பதவி.

பிரெஞ்சு கம்பெனிக்கு: மசூலிப்பட்டினம் உட்பட நிலங்களும் வருமானமும். சண்டையிட்ட படைக்குத் தனியாக வெகுமதி.

பட்டாணிய நவாப்களுக்கு: இதில்தான் சிக்கல். மூன்று வருடக் கப்பப் பாக்கியைத் தள்ளுபடி செய்யணும், புதிய நிலங்கள் வேண்டும், பிடிபட்ட கஜானாவில் பெரும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவ்வளவையும் கொடுத்தால் நிஜாம் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. டூப்ளே நடுவில் உட்கார்ந்து பேரம் பேசிக் குறைத்தார். வெளியே சரி என்று தலையாட்டினாலும், அவர்கள் மனசு ஆறவில்லை.

யோசித்துப் பாருங்கள். தன் சொந்த எஜமானைச் சுட்டுக் கொன்று இவரைப் பதவியில் உட்கார வைத்தவர்கள் அவர்கள். அதே கூட்டத்தைக் கூட்டிக்கொண்டுதான் முசாபர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

ராயச்சோட்டியில் நடந்தது என்ன?

முசாபருக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் தனக்குப் பாதுகாப்பாக பிரெஞ்சுப் படை கூடவே வரணும் என்று கேட்டார். 1751 ஜனவரியில் புஸ்ஸி தலைமையில் 300 ஐரோப்பிய வீரர்களும் சுமார் 2,000 சிப்பாய்களும் நிஜாமோடு கிளம்பினார்கள்.

கடப்பா நவாபின் எல்லைக்குள் நுழைந்ததும் உரசல் வெடித்தது. நிஜாம் படையின் குதிரைவீரர்கள் சில கிராமங்களைக் கொளுத்தினார்கள். பதிலடியாக நவாபின் ஆட்கள் படையின் பின்பகுதியைத் தாக்கினார்கள். ராயச்சோட்டி அருகே லக்கிரெட்டிபள்ளியில் மூன்று நவாப்களும் வழியை மறித்து நின்றார்கள்.

1751 பிப்ரவரி நடுப்பகுதி. புஸ்ஸியின் பீரங்கிகள் பட்டாணியப் படையைச் சிதறடித்தன. சாவனூர் நவாப் கொல்லப்பட்டார். கடப்பா நவாப் காயத்தோடு தப்பினார். சண்டை கிட்டத்தட்ட ஜெயித்தாகிவிட்டது.

அந்த நேரத்தில் முசாபர் ஒரு தவறு செய்தார். பிரெஞ்சுப் படைக்காகக் காத்திருக்காமல், ஓடிய கர்னூல் நவாபைத் தானே துரத்திக்கொண்டு போனார். கர்னூல் நவாப் திரும்பி நின்றார். இரண்டு யானைகளும் நெருங்கின. வீசிய ஈட்டி முசாபரின் தலையில் பாய்ந்தது. அங்கேயே உயிர் போனது. கர்னூல் நவாபும் அதே இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

செஞ்சியில் நிஜாம் ஆனதில் இருந்து கணக்கிட்டால், ஆட்சி ரெண்டு மாசம்தான். தலைநகரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நிஜாமை முடிவு செய்தது யார்?

இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான பகுதி இதுதான். நிஜாம் செத்துவிட்டார். டெல்லிக்குத் தகவல் அனுப்பி, ஃபர்மானுக்குக் காத்திருந்தார்களா? இல்லை.

முசாபருக்கு ஒரு மகன் இருந்தான், சின்னப் பையன். சின்னப் பையனை வைத்துக்கொண்டு படையைக் கட்டிக் காக்க முடியாது என்று முடிவானது. அதே முகாமில் நிஜாம் உல் முல்க்கின் இன்னொரு மகன் சலாபத் ஜங் காவலில் இருந்தார். புஸ்ஸி, நிஜாமின் அமைச்சர்களோடும் தலைவர்களோடும் பேசி, அவரைக் காவலில் இருந்து எடுத்து நிஜாம் ஆக்கினார். புதியவர், பழையவர் கொடுத்த சலுகைகள் எல்லாம் தொடரும் என்று உறுதி சொன்னார். படை கிளம்பியது.

ஒரு பேரரசின் ஆறு மாகாணங்களுக்கு யார் அதிபதி என்பதை, ஒரு வியாபாரக் கம்பெனியின் அதிகாரி வழியில் நின்று முடிவு செய்தார். ஆள் மாறினாலும் ஒப்பந்தம் மாறவில்லை.

புஸ்ஸி 1758 வரை ஹைதராபாத் அரசின் பெரிய சக்தியாக இருந்தார். அவரது படைச் செலவுக்காக 1753-ல் ஆந்திரக் கடலோரத்தின் வடசர்க்கார் பகுதியே எழுதிக் கொடுக்கப்பட்டது.

மற்றவர்களுக்கு என்ன ஆச்சு?

சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டார். அந்த நெருக்கடியைத் திசைதிருப்ப 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் சந்தா சாகிப் சரணடைந்து, தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1754-ல் டூப்ளேவை பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். சலாபத் ஜங்கை அவரது தம்பி நிஜாம் அலி 1762-ல் பதவியில் இருந்து இறக்கினார்.

இந்த ரெண்டு மாசம் ஏன் முக்கியம்?

முசாபர் பதவிக்காகப் படையைக் கடன் வாங்கினார். அந்தக் கடனை நிலமாகவும் வரியாகவும் திருப்பிக் கட்டினார். அந்த நிலத்தில் உழுதவர்களையோ, அந்த வரியைக் கட்டியவர்களையோ யாரும் கேட்கவில்லை. வழுதாவூரும் வில்லியனூரும் பாகூரும் கை மாறியது பந்தலுக்குள் நடந்த பேரத்தில்.

பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இந்த வழியை ஆங்கிலேயர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். உங்களுக்குப் படை தருகிறோம், செலவை நீங்கள் கட்டுங்கள் என்ற அதே ஏற்பாடு, பிற்காலத்தில் துணைப்படைத் திட்டம் என்று பெயர் பெற்றது. 1798-ல் வெல்லெஸ்லி காலத்தில் அதில் கையெழுத்திட்ட அரசு எது தெரியுமா? அதே ஹைதராபாத்.

இன்னொரு விஷயம். ஹைதராபாத்தை ஆண்ட ஆசஃப் ஜாக்கள் ஏழு பேர் என்று ஒரு வரிசை சொல்வார்கள். முதலாமவர் நிஜாம் உல் முல்க். இரண்டாமவர் நிஜாம் அலி. இடையில் வந்த நாசிர், முசாபர், சலாபத் மூவரும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

குருசுக்குப்பத்துக் கடலில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் சலங்குப் படகுகள்தான் அலைதாண்டிக் கரைசேர்க்கும். பிரெஞ்சு வீரர்களும் பீரங்கிகளும் அப்படித்தான் இந்தக் கரையில் இறங்கினார்கள். அடுத்த முறை செஞ்சித் தூண்கள் பக்கம் நின்று படம் எடுக்கும்போது, அந்த வீரர்களை நம்பி அரியணை ஏறிய முசாபர் ஜங்கையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

சுருக்கமாக: முசாபர் ஜங் டைம்லைன்

1748 ஜூன்: தாத்தா நிஜாம் உல் முல்க் மரணம், வாரிசுச் சண்டை தொடக்கம்

1749 ஆகஸ்ட் 3: ஆம்பூர் வெற்றி, புதுச்சேரியில் வரவேற்பு

1750 முற்பகுதி: நாசிர் ஜங்கிடம் சரண், சிறை

1750 செப்டம்பர்: செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார் புஸ்ஸி

1750 டிசம்பர் 16: நாசிர் ஜங் கொலை, முசாபர் நிஜாம் ஆனார்

1751 ஜனவரி: புதுச்சேரியில் இருந்து புறப்பாடு

1751 பிப்ரவரி: ராயச்சோட்டி அருகே மரணம்